எம்.எஸ்சி.யா, நேராக பிஎச்.டி.யா?

இயற்பியல் இளங்கலை கடைசி ஆண்டில் இருக்கும் மாணவி ஒருவர் கேட்டார்: “எப்படியும் பிஎச்.டி. பண்ணத்தான் போறேன் சார். அப்புறம் எம்.எஸ்சி.க்கு எதுக்கு ரெண்டு வருஷம்? நேரா சேர்ந்துட்டா அவ்வளவும் மிச்சம்தானே?” அதே வாரம் வேதியியல் படித்த இன்னொருவர் வேறு கவலையோடு வந்தார்: “அஞ்சாறு வருஷம் லேப்ல உட்கார எனக்குப் பொறுமை கிடையாது சார். ஆனா எம்.எஸ்சி.யோட நின்னா ஒரு கட்டத்துக்கு மேல வளர விடமாட்டாங்கன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க.”

இருவருமே இந்த இரண்டு பட்டங்களையும் ஒரே ஏணியின் அடுத்தடுத்த படிகளாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார். மற்றவருக்கு ஒரு படி கீழேயே நின்றுவிடுவோமோ என்று பயம். நான் எம்.எஸ்சி. முடித்து, பிறகு பிஎச்.டி. செய்து, இப்போது புது மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையிலும் உட்கார்கிறேன். எம்.எஸ்சி. படிப்பு, பிஎச்.டி. வேலை என்று பிரித்துப் பார்ப்பதுதான் சரி என்று இத்தனை ஆண்டுகளில் எனக்குப் பட்டிருக்கிறது. எம்.எஸ்சி.யில் பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு, கேள்விக்கு விடை ஏற்கெனவே யாருக்கோ தெரியும். பிஎச்.டி.யில் நீங்கள் கையில் எடுக்கும் கேள்விக்கு விடை இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது. முதலாவதில் கெட்டிக்காரராக இருப்பவர் இரண்டாவதிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது. நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் தடுமாறியதையும், நடுத்தர மதிப்பெண்ணோடு வந்தவர்கள் ஆய்வில் பிரமாதமாகச் செய்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

எந்தப் பல்கலைக்கழகம், என்ன தரவரிசை என்று தேடத் தொடங்குவதற்கு முன் ஐந்து கேள்விகளுக்குத் தாளில் பதில் எழுதிப் பாருங்கள்.

நீங்கள் போக நினைக்கும் வேலை உண்மையில் எந்தப் பட்டத்தைக் கேட்கிறது? வேலைக்கு எடுப்பவர்கள் விளம்பரத்தில் எழுதுவதைப் பாருங்கள், சொந்தக்காரர்கள் சொல்வதை அல்ல.

ஆய்வின் மோசமான நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? நல்ல நாள் எல்லாருக்கும் பிடிக்கும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

படிக்கும் காலத்தில் பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது?

மொத்தம் எத்தனை ஆண்டு? பட்டம் முடியும் நாளை வைத்து எண்ணாமல், நீங்கள் விரும்பிய வேலையில் உட்காரும் நாள் வரைக்கும் எண்ணுங்கள்.

நடுவில் மனம் மாறினால் கையில் என்ன மிஞ்சும்?

இந்த ஐந்தில் முதல் இரண்டுக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். பணமும் காலமும் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. முதல் இரண்டில் தெளிவு வந்தால் மற்றவற்றுக்கு ஏதாவது வழி பிறக்கும். முதல் இரண்டில் குழப்பம் என்றால், கையில் பணம் இருந்தாலும் அது மூன்றாம் ஆண்டில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

## “இரண்டு வருஷம் மிச்சம்” என்ற கணக்கு

இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பு. ஏன் என்பது நாடுகளின் முறையைப் பார்த்தால் விளங்கும்.

அமெரிக்காவில் அறிவியல் துறைகள் பெரும்பாலும் இளங்கலை முடித்தவரையே நேராக பிஎச்.டி.க்கு எடுக்கின்றன. ஆனால் அங்கே முதல் இரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதி வகுப்புகளிலும் தகுதித் தேர்விலும் போகிறது. எம்.எஸ்சி.யை பிஎச்.டி.யின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஐந்து, ஆறு ஆண்டு ஆகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 1999-இல் கையெழுத்தான போலோன்யா பிரகடனத்துக்குப் பிறகு இளங்கலை, முதுகலை, முனைவர் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஜெர்மனியில் முதுகலை இல்லாமல் முனைவர் ஆய்வில் சேர்வது விதிவிலக்கு. ஆனால் சேர்ந்த பிறகு மூன்று, நான்கு ஆண்டில் முடிக்கலாம். ஜப்பானில் இரண்டாண்டு முதுகலை, அதன் மேல் மூன்றாண்டு முனைவர். பிரிட்டனில் எம்.எஸ்சி. ஓராண்டுதான், பிஎச்.டி. மூன்று முதல் நான்கு ஆண்டு. நல்ல ஆனர்ஸ் பட்டம் இருந்தால் நேராகவும் எடுப்பார்கள். ஆஸ்திரேலியாவில் இளங்கலைக்குப் பின் ஓர் ஆனர்ஸ் ஆண்டு, அதில் சிறப்பாகச் செய்தவர் நேராக முனைவர் ஆய்வுக்குப் போகலாம். இந்தியாவில் முதுகலையையும் முனைவரையும் சேர்த்த ஒருங்கிணைந்த பிஎச்.டி. படிப்புகள் முன்பே உண்டு. 2022-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிகளின்படி நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு எடுத்தவரும் நேராக விண்ணப்பிக்கலாம்.

முதுகலையின் இரண்டையும் முனைவரின் நான்கையும் கூட்டினால் ஆறு. நேராகப் போனாலும் ஐந்து, ஆறு. மிஞ்சுவது சில மாதமாகவோ ஓராண்டாகவோதான் இருக்கும். நிஜமான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: முதல் இரண்டு ஆண்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், எந்த வயதில் ஒரே தலைப்புக்கு உங்களை ஒப்புக்கொடுக்கிறீர்கள் என்பதில்.

எம்.எஸ்சி. முடித்துவிட்டு அமெரிக்க பிஎச்.டி.க்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு படித்த பாடங்களில் சிலவற்றைத்தான் அங்கே கழித்துக்கொள்வார்கள், பல துறைகளில் மீண்டும் வகுப்பில் உட்காரத்தான் வேண்டும். அந்தப் பாதையில் மொத்தம் ஏழெட்டு ஆண்டு ஆகிவிடும்.

## எம்.எஸ்சி.: கிடைப்பதும் கொடுப்பதும்

எம்.எஸ்சி.யின் பெரிய பலம் திசை மாற்றம். இளங்கலையில் விலங்கியல் படித்தவர் உயிர்த்தகவலியலுக்கும், இயற்பியல் படித்தவர் காலநிலை அறிவியலுக்கும், கணிதம் படித்தவர் உயிரிப்புள்ளியியலுக்கும் போக இதைவிட ஒழுங்கான பாலம் கிடையாது. இருபது, இருபத்தோரு வயதில் ‘என் துறை இதுதான்’ என்று உறுதியாகச் சொல்லத் தெரியாதது குற்றமும் இல்லை. ஓர் ஆய்வகத்தில் ஆறு மாதம், ஓராண்டு ஆய்வேட்டு வேலை செய்து பார்த்துவிட்டு ‘இது எனக்கானது இல்லை’ என்று கௌரவமாகக் கைகுலுக்கி வெளியே வரலாம். கையில் பட்டம் இருக்கும்.

சில வேலைகளுக்கு இதுவே சரியான நுழைவுச்சீட்டு. மரபணு ஆலோசகர் பணிக்கு முதுகலைதான் அடிப்படை. நிலவியலில் களத்துக்குப் போகும் தொழில்முறை வேலைகளுக்கு முதுகலை நன்கு மதிக்கப்படுகிறது. உயிரிப்புள்ளியியல், தரவுப் பகுப்பாய்வு, மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாடு ஆகியவற்றில் எம்.எஸ்சி.யோடு சேர்ந்து, ஐந்தாண்டு அனுபவத்தோடு இருப்பவரை, அதே ஐந்தாண்டைத் தொடர்பில்லாத தலைப்பில் பிஎச்.டி.க்குக் கொடுத்துவிட்டு வருபவரால் எளிதில் எட்டிப்பிடிக்க முடியாது.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது பணம். அமெரிக்காவில் ஒரே துறையில், ஒரே வகுப்பறையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். பிஎச்.டி. மாணவருக்குக் கட்டணம் தள்ளுபடி, மேலே மாத உதவித்தொகை. எம்.எஸ்சி. மாணவர் முழுக் கட்டணமும் தன் கையிலிருந்து கட்டுவார். கடன் வாங்கியிருந்தால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், பட்டம் முடிந்ததும் கிடைத்த வேலைக்குப் போகும் நெருக்கடி வரும். ‘அப்புறம் பிஎச்.டி. பார்த்துக்கலாம்’ என்பது பலருக்கு அங்கேதான் முடிகிறது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஜெர்மனியின் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்குக் கல்விக்கட்டணமே கிடையாது, வாழ்க்கைச் செலவு மட்டும்தான்.

இரண்டாவது செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஓராண்டு எம்.எஸ்சி.யில் செப்டம்பரில் சேர்கிறீர்கள் என்று வையுங்கள். பிஎச்.டி. விண்ணப்பங்களின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. அதற்குள் ஒரு தேர்வு முடிவுகூட வந்திருக்காது. ஆய்வேட்டுக்குத் தலைப்பே முடிவாகியிருக்காது. புதிய பேராசிரியர்களுக்கு உங்கள் முகம் பழகியிருந்தாலே பெரிது. ஆக, பழைய இளங்கலைப் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களோடுதான் விண்ணப்பிப்பீர்கள். எந்த அனுபவத்துக்காக இந்தப் படிப்பில் சேர்ந்தீர்களோ அது விண்ணப்பத்தில் ஏறாது. பிஎச்.டி.க்கு ஏணியாகத்தான் எம்.எஸ்சி. செய்கிறீர்கள் என்றால் இரண்டாண்டுப் படிப்பைத் தேடுங்கள். அல்லது ஓராண்டு முடித்தபின் ஓர் இடைவெளி ஆண்டு வரும் என்று முன்பே கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது, தள்ளிப்போடுதல். என்ன செய்வது என்று தெரியாததால் எம்.எஸ்சி.யில் சேர்கிறவர்கள் நிறைய. இரண்டாண்டு கழித்தும் அதே கேள்வி அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும், வயது மட்டும் ஏறியிருக்கும். சேர்ந்த முதல் பருவத்திலேயே ஓர் ஆய்வகத்தின் கதவைத் தட்டுகிறவருக்குத்தான் இந்தப் படிப்பு பதில் சொல்கிறது.

## பிஎச்.டி.: அன்றாடம் எப்படி இருக்கும்

என் இரண்டாம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் சோதனையில் மாதிரி எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீர் மட்டும் விட்டு ஒரு குழாய் வைப்போம். அதில் ஒன்றும் வரக்கூடாது. ஒரு திங்கட்கிழமை, டிஎன்ஏ இருந்தால் பட்டையாகக் காட்டும் ஜெல்லைப் புற ஊதா விளக்கில் வைத்துப் பார்த்தால், வெறுமையாக இருக்க வேண்டிய அந்த இடத்திலும் பளிச்சென்று ஒரு பட்டை. எங்கேயோ டிஎன்ஏ கலந்திருக்கிறது. தண்ணீரை மாற்றினேன், பட்டை போகவில்லை. நொதியை மாற்றினேன், போகவில்லை. பிப்பெட்டுகளைக் கழற்றிப் பிளீச்சால் துடைத்தேன், மேசையை மாற்றினேன், இரவு ஆளில்லாத நேரத்தில் செய்து பார்த்தேன். மூன்று வாரம். கடைசியில் நான் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து வைத்திருந்த பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) குப்பியில்தான் கலப்படம் இருந்தது. அந்தக் குப்பியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகக் கலந்தேன். பட்டை மறைந்தது.

அந்த மூன்று வாரத்தில் நான் கண்டுபிடித்த புது விஷயம் பூஜ்யம். நெறியாளரிடம் காட்ட ஒரு படம்கூட இல்லை. ஆனால் தூக்கம் கெட்டதே தவிர ஆர்வம் கெடவில்லை. நடக்கும்போதும் குளிக்கும்போதும் ‘அடுத்து எதை மாற்றிப் பார்ப்பது’ என்றுதான் மனம் ஓடியது. பக்கத்து மேசையில் இருந்த நண்பர் என்னைவிடக் கூர்மையானவர். அவருக்கு இதே மாதிரி ஒன்று வந்தபோது ஒவ்வொரு காலையும் ஆய்வகத்துக்குள் நுழையவே கால் எழவில்லை. முதுகலைப் பட்டத்தோடு வெளியேறி, தரவு சார்ந்த வேலைக்குப் போனார். நன்றாக இருக்கிறார். அவர் எடுத்த முடிவு மிகச் சரி. அவருக்கு அது ஓராண்டு முன்பே தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பாதையின் மறைசெலவுகளில் பெரியது, நெறியாளர் என்ற ஒற்றை மனிதர். எம்.எஸ்சி.யில் ஓர் ஆசிரியர் சரியில்லை என்றால் ஒரு பருவம் பல்லைக் கடித்துக்கொண்டு போகலாம். பிஎச்.டி.யில் உங்கள் தலைப்பு, உதவித்தொகை, கட்டுரை வெளியாகும் நாள், பரிந்துரைக் கடிதம், பட்டம் வாங்கும் ஆண்டு எல்லாமே ஒருவர் கையில். அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், அவருடைய ஆய்வு நிதி தீர்ந்துபோகலாம், ஓய்வு பெறலாம். இதில் உங்கள் தப்பு எதுவும் இருக்காது, இழக்கும் ஆண்டுகள் உங்களுடையவை.

முடிக்காமல் போவதும் அபூர்வமில்லை. அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களை வைத்து முதுகலைப் பள்ளிகளின் கூட்டமைப்பு எடுத்த கணக்கில், பத்தாண்டுக்குள் பிஎச்.டி. முடித்தவர்கள் உயிர் அறிவியலில் 63 விழுக்காடு. கணிதம், இயற்பியல் அறிவியல்களில் 55. சேர்க்கையில் வடிகட்டி எடுத்தவர்களிலேயே இந்த நிலை. மனநிலை பற்றியும் சொல்ல வேண்டும். 2019-இல் ‘நேச்சர்’ இதழ் உலகம் முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட ஆய்வு மாணவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், பிஎச்.டி.யால் வந்த பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி தேடியதாக 36 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதே கணிப்பில், இந்தப் படிப்பில் சேர்ந்த முடிவு பற்றி ஓரளவாவது திருப்தி என்றவர்களும் நான்கில் மூன்று பேர். இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

பட்டம் வாங்கியதோடு காலக்கணக்கு முடிவதும் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி சொந்த ஆய்வகம் நடத்த வேண்டுமென்றால் அதன் மேல் ‘போஸ்ட்டாக்’ என்கிற, முனைவருக்குப் பிந்தைய ஆய்வு ஒப்பந்தக் காலம் வரும். ஒன்றோடு நிற்பவர்களும் உண்டு, இரண்டு மூன்று என்று ஊர் மாறிக்கொண்டே போகிறவர்களும் உண்டு.

அப்படியானால் எப்போது நேராக பிஎச்.டி. சரி? இளங்கலையிலேயே ஓர் ஆய்வகத்தில் குறைந்தது ஒரு கோடை விடுமுறையாவது முழுதாக வேலை செய்து, ஒன்றும் ஓடாத வாரங்களைப் பார்த்தும் மறுபடி அங்கே போக மனம் வந்திருக்க வேண்டும். ‘ஆய்வு செய்ய ஆசை’ என்பதற்கு மேல், ‘இந்த மாதிரிக் கேள்விகள்’ என்று ஒரு பத்தியாவது எழுத வர வேண்டும். நீங்கள் விரும்பும் வேலை பிஎச்.டி. இல்லாமல் கிடைக்காத வேலையாக இருக்க வேண்டும். இவற்றோடு உதவித்தொகையும் உறுதி என்றால், முதலில் எம்.எஸ்சி.க்குக் கடன் வாங்குவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை. உதவித்தொகை இல்லாத, சொந்தப் பணம் கட்டிச் செய்யும் அறிவியல் பிஎச்.டி.யை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு தந்திரம் பற்றியும் கேட்கிறார்கள்: அமெரிக்க பிஎச்.டி.யில் உதவித்தொகையோடு சேர்ந்து, இரண்டாண்டில் முதுகலைப் பட்டத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாமே என்று. மனம் மாறி வெளியேறுவது வேறு, அது யாருக்கும் நடக்கும். முதல் நாளிலிருந்தே அந்தத் திட்டத்தோடு போவது இன்னொரு மாணவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்வது. உங்களை நம்பி நிதி ஒதுக்கியவரிடமே பிறகு பரிந்துரைக் கடிதமும் கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

## பக்கத்துப் பக்கத்தில்

| | எம்.எஸ்சி. | நேராக பிஎச்.டி. |
|---|---|---|
| காலம் | 1 முதல் 2 ஆண்டு | பெரும்பாலும் 5 முதல் 6 ஆண்டு |
| பணம் | பல இடங்களில் நீங்கள் கட்டுவது | பெரும்பாலும் உங்களுக்கு வருவது, ஆனால் சம்பளத்தைவிடக் குறைவு |
| அன்றாடம் | வகுப்பு, தேர்வு, கடைசியில் ஆய்வேடு | முதலில் கொஞ்சம் வகுப்பு, பிறகு முழுக்க ஆய்வு |
| துறை மாற்ற | வசதியானது | சேர்ந்த பிறகு கடினம் |
| நடுவில் விலகினால் | இழப்பு சிறிது | சில நாடுகளில் முதுகலை மிஞ்சும், சில இடங்களில் எதுவும் மிஞ்சாது |
| யாரை நம்பி | பாடத்திட்டத்தை | நெறியாளரை |

## “எம்.எஸ்சி.யோட நின்னா வளர முடியாதா?”

வேதியியல் மாணவரின் பயம் துறையைப் பொறுத்து பாதி உண்மை. மருந்துக் கண்டுபிடிப்பு ஆய்வகங்களில் பிஎச்.டி. முடித்தவர் நுழையும்போதே விஞ்ஞானி என்ற பதவியில், ஒரு திட்டத்தின் திசையைத் தீர்மானிக்கும் இடத்தில் உட்காருவார். எம்.எஸ்சி. முடித்தவர் துணை நிலையில் தொடங்குவார். மேலே போகலாம், ஆனால் பல நிறுவனங்களில் அந்த ஏறுதல் மெதுவாகத்தான் நடக்கும். கோட்பாட்டு இயற்பியல், வானியல், நரம்பியல் போன்றவற்றில் சுதந்திரமாக ஆய்வு நடத்த பிஎச்.டி. இல்லாமல் வழி மிகக் குறுகல். அதே வேதியியலில் உற்பத்தி, தரக்கட்டுப்பாடு, காப்புரிமை, தொழில்நுட்ப விற்பனை என்று பக்கம் மாறினால் அந்தக் கூரை அவ்வளவு தாழ்வாக இல்லை. சில பணிகளுக்கு பிஎச்.டி. இருந்தால் ‘இவர் இங்கே நிலைக்க மாட்டார்’ என்று தயங்கி ஒதுக்குவதும் நடக்கிறது.

அவருக்கு கெர்ட்ரூட் எலியன் பற்றிச் சொன்னேன். 1941-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலை. பகலில் பள்ளியில் பாடம் நடத்தி, இரவிலும் வார இறுதியிலும் ஆய்வு செய்து வாங்கிய பட்டம். 1944-இல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். மாலை வகுப்பில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, முழுநேர மாணவியாக வேண்டும் அல்லது விலக வேண்டும் என்ற நிலை வந்தது. வேலையை விட அவருக்கு மனம் வரவில்லை, படிப்பை விட்டார். இரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோபியூரின் முதல் கீல்வாதத்துக்கான அல்லோபியூரினால் வரை அந்த ஆய்வகத்திலிருந்துதான் வந்தன. 1988-இல் நோபல் பரிசு. 2002-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட கோய்ச்சி தனாகா இளங்கலைப் பட்டத்தோடு ஒரு கருவி நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர்.

இவர்களைக் காட்டி ‘பட்டம் தேவையில்லை’ என்று சொல்ல வரவில்லை. இன்று அதே நிறுவனங்களின் வாசல் அன்றைவிடக் குறுகியிருக்கிறது. எலியனின் முடிவில் நான் பார்ப்பது வேறு. தன் கேள்விகள் எந்த மேசையில் உயிரோடு இருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மேசையை அவர் விடவில்லை.

## நடுவில் ஒரு வழி

இன்னும் தெளிவில்லை என்றால், இரண்டிலும் சேராமல் ஓராண்டு ஓர் ஆய்வகத்தில் திட்ட உதவியாளராகச் சேருங்கள். சம்பளம் சிறியது, ஆனால் பணம் உங்களிடமிருந்து போகாது, உங்களை நோக்கி வரும். பரிந்துரைக் கடிதம் எழுதப் போகிறவர் உங்களைத் தினமும் பார்த்திருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே இருக்கும் பிஎச்.டி. மாணவர்களின் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கிறது, அவர்கள் எத்தனை மணிக்குப் போகிறார்கள், கட்டுரை நிராகரிக்கப்பட்ட அன்று அந்த அறை எப்படி இருக்கிறது என்று கூடவே இருந்து பார்க்கலாம். தேர்வு மேசையில் உட்காரும்போது, இப்படி ஓராண்டு கழித்து வருபவரின் பதில்களில் ஒரு நிதானம் தெரியும். ‘ஏன் பிஎச்.டி.?’ என்று கேட்டால் உடனே பொதுவான பதில் வராது. செய்து பார்த்த, சரியாக வராத ஏதாவது ஒரு சோதனையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

இயற்பியல் மாணவிக்கு இரண்டு ஆய்வகங்கள் மனதில் இருந்தன. அங்கே சேரலாமா என்று என்னிடம் கேட்காமல், அங்கேயே படிக்கும் மாணவர்களிடம், நெறியாளர் இல்லாத இடத்தில் கேட்கச் சொல்லி ஒரு பட்டியல் கொடுத்தேன். கடைசியாகப் பட்டம் வாங்கிய மூன்று பேருக்கு எத்தனை ஆண்டு ஆனது? உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு உறுதி, அதற்குப் பிறகு என்ன? நெறியாளர் வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுகிறாரா? ஆய்வுக் கட்டுரைகளை எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயராக மாணவர்கள் பெயர் வருகிறதா? விடுமுறை கேட்டால் முகம் எப்படி மாறுகிறது? இந்த ஆய்வகத்தை முடிக்காமல் விட்டுப் போனவர் யாராவது உண்டா, அவரிடம் பேச எண் கிடைக்குமா?

முதல் ஐந்துக்கும் இரண்டு இடத்திலும் நல்ல பதில்தான் வந்ததாம். ஆறாவது கேள்விக்கு ஓர் ஆய்வகத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றினார்கள். இன்னொன்றில், மூத்த மாணவர் ஒருவர் கைபேசியை எடுத்து அப்போதே எண்ணைக் கொடுத்தார்.